பைக் சைடு பேனல் காணோமா? போலீஸ் தேடுமா, இன்சூரன்ஸ் தருமா, தடுப்பது எப்படி? முழு விளக்கம்

முழு பைக்கும் திருடு போனால் என்ன செய்யணும்னு எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷனுக்குப் போய் புகார் கொடுப்போம், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வோம். ஆனால் சைடு பேனல் மட்டும் காணாமல் போனால்? சாரி கார்டு, ஹெட்லைட் டூம், நம்பர் பிளேட் என்று ஒரே ஒரு பாகம் மட்டும் போனால்? பலர் ஸ்டேஷன் பக்கமே போவதில்லை. "போனது போகட்டும்" என்று ஒர்க்‌ஷாப்பில் புதுசு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இதில் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருள் திருட்டை போலீஸ் தானாக எடுத்து விசாரிக்க முடியாது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் இந்த மாதிரி சின்ன இழப்புக்குப் பெரிதாக வழி இல்லை. ஆக, வண்டி பேனலுக்கு முதல் காவல் சட்டமும் இல்லை, பாலிசியும் இல்லை. அதை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் ரப்பர் புஷ்ஷும் போல்ட்டும்தான். ஏன், எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

சின்னாளப்பட்டி மாதிரி ஊர்களில் இது ஏன் பிரச்சினை?

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர் போன நெசவாளர் ஊர். இங்கே பைக் என்பது ஆபீஸ் போக மட்டும் இல்லை. நூல் வாங்கி வர, சாயத்துக்குக் கொடுக்க, நெய்த சேலையை மூட்டையாகக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோக என்று எல்லாத்துக்கும் அதே வண்டிதான். மூட்டை உரசுகிற இடம் சைடு பேனல். கயிறு இழுத்துக் கட்டுகிற இடம் சாரி கார்டு.

வண்டி நிற்கும் இடமும் அப்படித்தான். பல வீடுகளில் பைக்கை உள்ளே ஏற்ற இடம் கிடையாது. ராத்திரி தெருவிலேயே நிற்கும். பகலில் பஸ் ஸ்டாண்டு ஓரம், கடைவாசல், அம்பாத்துரை ரயில் நிலையம், காந்திகிராமப் பல்கலைக்கழகம் பக்கம் என்று மணிக்கணக்கில் ஆள் இல்லாமல் நிற்கும். நான்குவழிச் சாலையில் வேகமாகப் போய், ஊருக்குள் வந்ததும் வேகத்தடைகளில் ஏறி இறங்குகிற ஆட்டத்தில் பேனல் தானாகவே தளர்வதும் உண்டு. லீவு நாளில் நத்தம் ரோடு வழியாக சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் இன்னும் கொஞ்சம் தளரும்.

அந்தப் பேனலுக்குள்ளே என்ன இருக்கு?

சைடு பேனல், சைடு கவர் என்று சொல்வது சீட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் அல்லது தகர மூடி. அழகுக்கு மட்டும் வைத்தது இல்லை அது. 100 சிசி, 125 சிசி வண்டிகள் பலவற்றில் ஒரு பக்கப் பேனலுக்குள் பேட்டரியும் ஃபியூஸும் இருக்கும். மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டி, டூல் கிட் இருக்கும்.

பேனல் இல்லாமல் ஓட்டினால் மழைத் தண்ணீரும் சேறும் நேரே ஒயர் கனெக்டரில் அடிக்கும். பேட்டரி டெர்மினலில் துரு ஏறும். சில மாடல்களில் ஏர் ஃபில்டர் பக்கமும் தண்ணீர் போக வாய்ப்பு உண்டு. எல்லாத்துக்கும் மேல, பேட்டரி வெளியே தெரிகிற வண்டி பேட்டரி திருடுகிறவனுக்கு வேலையை மிச்சப்படுத்தித் தருகிறது.

இன்னொரு ஆபத்து அடுத்தவருக்கு. நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது கழன்று பறக்கிற பேனல், பின்னால் வருகிற பைக்காரர் முன்னால் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க.

திருட்டா, கழன்று விழுந்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பேனல் காணோம் என்றதும் முதலில் தோன்றுவது "திருட்டு" என்பதுதான். ஆனால் ஓடும்போது கழன்று விழுந்ததாகவும் இருக்கலாம். புகார் கொடுக்கும் முன்பு வண்டியை ஒரு தடவை நன்றாகப் பாருங்க. இவை உறுதியான ஆதாரம் இல்லை, ஆனால் நல்ல அடையாளங்கள்:

• இரண்டு பக்கப் பேனலும் ஒரே நேரத்தில் இல்லை என்றால், அல்லது பேட்டரி, டூல் கிட் ஏதாவது கூடவே போயிருந்தால், திருட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

• பூட்டு நாக்கு வளைந்திருந்தால், பக்கத்தில் பெயின்ட் புதிதாகக் கீறியிருந்தால், திருப்புளி போட்டு நெம்பியிருக்கலாம்.

• ஸ்க்ரூவைக் காணோம், ஆனால் ரப்பர் புஷ் எல்லாம் அப்படியே நல்ல நிலையில் இருக்கு என்றால், யாரோ நிதானமாகக் கழற்றியிருக்கலாம். சர்வீஸில் ஸ்க்ரூ போடாமல் விட்டதாகவும் இருக்கலாம்.

• ரப்பர் புஷ் காய்ந்து வெடித்திருந்தால், அல்லது புஷ்ஷே ஃபிரேமில் இருந்து கழன்று போயிருந்தால், பேனல் தானாக விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

• முதல் நாள்தான் சர்வீஸோ வாட்டர் வாஷோ முடிந்து வந்தது என்றால், சரியாக அழுத்தி மாட்டாமல் விட்டிருக்கலாம்.

விழுந்திருக்கலாம் என்று தோன்றினால், கடைசியாக வந்த வழியிலேயே மெதுவாகத் திரும்பிப் போய்ப் பாருங்க. வேகத்தடை, ரயில்வே கேட், சாலைப் பள்ளம் உள்ள இடங்களைக் கவனிங்க. பக்கத்து டீக்கடை, பஞ்சர் கடையில் ஒரு வார்த்தை கேளுங்க. ரோட்டில் கிடந்த பேனலை எடுத்து ஓரமாக வைத்திருக்கிற ஆளும் உண்டு.

இதை யார் திருடுறாங்க, எதுக்கு?

காரணம் பெரும்பாலும் மூன்று.

ஒன்று, அதே மாடல் வண்டி வைத்திருப்பவரின் தேவை. ஊரில் அதிகம் ஓடுகிற மாடல் என்றால் அதன் பாகங்களுக்கு எப்போதும் ஆள் இருக்கும்.

இரண்டு, பழைய வண்டி மோகம். யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அதைத் தேடிப் பிடித்து வாங்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியின் ஒரிஜினல் பேனல், எழுத்து, எம்பளம் எல்லாம் கிடைப்பது அரிது. கிடைக்காத பொருளுக்குத்தான் திருட்டுச் சந்தையில் விலை. பழைய புல்லட், யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்று, பேனல் குறியே இல்லை, உள்ளே இருக்கும் பேட்டரிதான் குறி. பேனலைக் கழற்றி எங்கேயாவது வீசிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் வண்டி நின்ற இடத்தைச் சுற்றி சாக்கடை ஓரம், புதர் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

5,000 ரூபாய் கோடு: சட்டம் என்ன சொல்கிறது?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பிஎன்எஸ், நடைமுறையில் இருக்கிறது. திருட்டுக்கான பிரிவு 303. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி அதே குற்றத்தில் தண்டனை பெற்றால் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

புதிதாக வந்த மாற்றம் இதுதான்: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, தண்டனை பெறுவது முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், தண்டனை சமூக சேவை. அதோடு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின், அதாவது பிஎன்எஸ்எஸ்ஸின், முதல் அட்டவணை இந்த வகைத் திருட்டை "பிடியாணை வேண்டும் குற்றம்" என்ற பட்டியலில் வைக்கிறது. ஜாமீனும் உண்டு.

இதுக்கு அர்த்தம் என்ன? இந்த வகைக் குற்றத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணை நடத்த முடியாது. பிஎன்எஸ்எஸ் பிரிவு 174-ன்படி, நீங்கள் சொல்வதை ஸ்டேஷன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, உங்களை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இந்தப் பதிவுகளின் அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும்.

சைடு பேனல் விலை மாடலைப் பொறுத்து சில நூறு ரூபாயில் இருந்து சில ஆயிரம் வரை. எனவே ஒற்றைப் பேனல் திருட்டு பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும். ஸ்டேஷனில் "எஃப்ஐஆர் போட முடியாதுங்க, சிஎஸ்ஆர் வாங்கிக்கோங்க" என்று சொன்னால், அது எல்லா நேரமும் தட்டிக் கழிப்பது ஆகாது. சட்டம் அப்படி இருக்கிறது.

ஆனால் மூன்று சந்தர்ப்பங்களில் கணக்கு மாறும்:

1. பேனல், பேட்டரி, சைலன்சர் என்று போன பொருட்களின் மொத்த மதிப்பு 5,000 ரூபாயைத் தொட்டால், அது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட வேண்டிய குற்றம். மதிப்பைக் காட்ட ஷோரூமிலோ பார்ட்ஸ் கடையிலோ விலைச்சீட்டு வாங்கிக்கொண்டு போங்க.

2. வீடாகப் பயன்படும் கட்டடத்துக்குள்ளோ, பொருள் பாதுகாக்கும் கட்டடத்துக்குள்ளோ நுழைந்து திருடினால் பிஎன்எஸ் பிரிவு 305 வரும். அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. தெருவில் நின்ற வண்டிக்கும் வீட்டுக்குள் நின்ற வண்டிக்கும் சட்டத்தில் இந்த வித்தியாசம் இருக்கு. அதனால் வண்டி எங்கே நின்றது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்க.

3. ஒரே சம்பவத்தில் வேறு பெரிய குற்றமும் சேர்ந்திருந்தால் முழு வழக்கையும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம்.

புகார் கொடுப்பது எப்படி? கொடுத்து என்ன பயன்?

"சில நூறு ரூபாய்க்கு ஸ்டேஷன் ஏறி இறங்கணுமா?" என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் சிஎஸ்ஆர் ரசீதுக்கு மதிப்பு உண்டு. ஒரே தெருவில் நாலு பேர் புகார் கொடுத்திருந்தால்தான் அங்கே ராத்திரி ரோந்து தேவை என்பது ஸ்டேஷன் கணக்கில் தெரியும். நாளைக்கு யாராவது பிடிபட்டால், கைப்பற்றிய பாகத்தில் உங்களுடையது எது என்று சொல்ல அந்தப் பதிவு உதவும்.

புகாரில் இருக்க வேண்டியவை: வண்டி எண், மாடல், நிறம், எந்தப் பக்கப் பேனல், கடைசியாகப் பார்த்த நேரம், காணவில்லை என்று தெரிந்த நேரம், வண்டி நின்ற இடம், பக்கத்தில் எந்தக் கடையில் கேமரா இருக்கு, பேனலில் உள்ள கீறல், ஸ்டிக்கர் போன்ற அடையாளம், தோராய மதிப்பு. கேமரா பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும். அதனால் அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க.

தமிழ்நாடு போலீஸின் இணையதளத்தில் ஆன்லைனிலும் புகார் பதியலாம். பேனலுக்குள் வைத்திருந்த ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ் பேப்பர் தொலைந்திருந்தால், அதே தளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான தனிச் சேவை இருக்கு.

போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட வேண்டிய வழக்கிலும் போட மறுத்தால், பிஎன்எஸ்எஸ் பிரிவு 173-ன்படி மாவட்ட எஸ்பிக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இன்சூரன்ஸ் தருமா?

இதில்தான் பலருக்குக் குழப்பம். 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனம் வாங்கும்போது ஐந்து ஆண்டுக்கு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம். "எனக்குத்தான் அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கே" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஐந்து வருஷம் என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும். உங்கள் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு இரண்டும் அதில் கிடையாது. அதற்கு சொந்த சேதப் பாதுகாப்பு தனியாக நடப்பில் இருக்கணும். அதைப் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

சொந்த சேதப் பாதுகாப்பு இருந்தாலும் இரண்டு விஷயம் இருக்கு. இருசக்கர வாகனங்களுக்கான வழக்கமான பேக்கேஜ் பாலிசி வாசகத்தில், வண்டியும் சேர்ந்து திருடு போனால் தவிர, துணைப் பாகங்கள் மட்டும் திருடு போவதற்கு இழப்பீடு இல்லை என்று இருக்கிறது. நீங்களாக வாங்கி மாட்டிய கிராஷ் கார்டு, பெட்டி, விளக்கு எல்லாம் இதில் அடங்கும். கம்பெனியே மாட்டிக் கொடுத்த பேனல் வண்டியின் பாகம் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அது வாதம்தான், உத்தரவாதம் இல்லை.

அடுத்தது கணக்கு. பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பேனல் விலை 1,200 ரூபாய் என்று வச்சுக்குவோம். பாதி போனால் 600. அதில் கட்டாயக் கழிவு ஒரு சிறு தொகை போகும். கிளெய்ம் வாங்கிவிட்டால் அடுத்த வருஷம் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்ஜியம். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதத் தள்ளுபடி சேர்த்து வைத்திருந்தவருக்கு, சொந்த சேத பிரீமியம் 1,500 ரூபாய் என்றால், அடுத்த வருஷமே 750 ரூபாய் கூடுதலாகப் போகும். வாங்கியதை விடக் கொடுப்பது அதிகம். எனவே ஒற்றைப் பேனலுக்கு கிளெய்ம் போடும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. விலை உயர்ந்த துணைப் பாகம் மாட்டியிருந்தால், கூடுதல் பிரீமியத்தில் அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டா என்று புதுப்பிக்கும்போதே கேளுங்க.

டோக்கன் போட்ட ஸ்டாண்டில் காணாமல் போனால்?

பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் பக்கத்தில் காசு கொடுத்து வண்டி விடுகிறோம். டோக்கனின் பின்பக்கம் "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியே எல்லாத்துக்கும் முடிவா?

2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. 1998-ல் அங்கே வேலே பார்க்கிங்கில் ஒப்படைத்த மாருதி ஜென் கார் திருடு போனது தொடர்பான வழக்கு அது. வண்டியைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்ட ஹோட்டல், சீட்டில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருப்பதைக் காட்டி, தன் அலட்சியத்துக்கான பொறுப்பில் இருந்து தப்ப முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அது சாவியை ஒப்படைத்த வழக்கு. சாவியை நாமே வைத்துக்கொண்டு போகிற ஸ்டாண்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காசு வாங்கி, டோக்கன் கொடுத்து, காவல் ஆள் வைத்திருக்கும் இடத்தில் பொறுப்பே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. டோக்கனைத் தூக்கிப் போடாதீங்க. ஸ்டாண்டை விட்டு வெளியே வரும் முன்பே காணவில்லை என்பதைச் சொல்லி, வண்டியை அங்கேயே போட்டோ எடுங்க. தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் ஆலோசனை கேட்கலாம்.

பேனலைப் பாதுகாப்பது எப்படி? 7 வழிகள்

பக்கத்தில் இருக்கும் திண்டுக்கல்லின் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டு ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகவே தெரியும்: கதவு சொத்தையாக இருந்தால் எத்தனை லீவர் பூட்டு போட்டும் பயன் இல்லை. பேனலுக்கும் அதேதான். பூட்டு நல்லாத்தான் இருக்கும், அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் முனையும் ரப்பரும் போயிருக்கும்.

1. ரப்பர் புஷ்ஷை மாத்துங்க. பேனலின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் ஃபிரேமில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் போய் உட்காரும். வெயிலில் ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டால் பிடிப்பு போய்விடும். விலை மிகக் குறைவு. மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்துங்க. ஆயில், கிரீஸ் போட்டால் ரப்பர் ஊறித் தளர்ந்துவிடும்.

2. ஸ்க்ரூவையும் வாஷரையும் பாருங்க. சில மாடலில் சாவி பூட்டு, சிலவற்றில் கையால் திருகும் குமிழ், சிலவற்றில் போல்ட் இருக்கும். எதுவாக இருந்தாலும் ஒரிஜினல் இருக்கணும். தொலைந்த போல்ட்டுக்குப் பதில் கம்பி கட்டி ஓட்டுவதுதான் பேனல் போவதன் ஆரம்பம். அகலமான வாஷர் போடுங்க. ரொம்ப இறுக்கினாலும் பிளாஸ்டிக் வெடிக்கும்.

3. திருட்டுத் தடுப்பு போல்ட் போடலாம். நடுவில் சின்ன முள் உள்ள நட்சத்திர வடிவத் தலை போல்ட் சாதாரணத் திருப்புளிக்கும் ஆலன் கீக்கும் கழலாது. அளவு சரியாக இருக்கணும். அதற்கான டூலை சீட்டுக்கு அடியில், பூட்டும் இடத்தில் வைங்க. நடுவழியில் ஃபியூஸ் போனால் உங்களுக்கே திறக்க முடியாமல் ஆகிவிடக் கூடாது.

4. நட் லாக்கிங் திரவத்தைக் கவனமாகப் பயன்படுத்துங்க. அதிர்வில் நட்டு தளராமல் பிடிக்கும் இந்தத் திரவம் உலோகத்துக்கு உலோகம் என்றால் நல்லது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால் அந்த இடம் நாளடைவில் விரிசல் விடலாம். பிளாஸ்டிக் ஓரத்தில் இது வேண்டாம்.

5. உள்பக்கம் ஒரு கேபிள் டை போடுங்க. பேனலின் உள் முனையையும் ஃபிரேமையும் சேர்த்து ஒரு கறுப்பு கேபிள் டை போட்டால், பேனல் கழன்றாலும் ரோட்டில் விழாமல் தொங்கும். பிளேடு இருந்தால் வெட்டிவிடலாம்தான். ஆனால் சட்டென்று இழுத்துக்கொண்டு ஓடுவதை இது தடுக்கும். ஒயர், கேபிள் மேலேயும் சைலன்சர் பக்கத்திலும் கட்டக் கூடாது.

6. மூட்டைக் கயிற்றைப் பேனலில் கொடுக்காதீங்க. சேலை மூட்டையோ காய்கறிப் பையோ, கயிற்றைக் கைப்பிடிக் கம்பியிலும் கேரியரிலும் மட்டும் கட்டுங்க. பேனல் இழுவையைத் தாங்க உருவானது இல்லை. ஒரு தடவை முனை விரிசல் விட்டால், அடுத்த வேகத்தடையில் உடைந்துவிடும்.

7. சர்வீஸ் முடிந்ததும் ஆட்டிப் பாருங்க. வண்டியை வாங்கும்போது "அண்ணே, கவர் எல்லாம் மாட்டிட்டீங்களா?" என்று கேட்பதோடு நிற்காதீங்க. இரண்டு பக்கமும் நாலு மூலையில் கை வைத்து இழுத்துப் பாருங்க. ஒரு மூலை ஆடினாலும் அங்கேயே அழுத்தி மாட்டச் சொல்லுங்க. பத்து விநாடி வேலைதான்.

நிறுத்தும் இடத்திலும் கொஞ்சம் கவனம் போதும். பேட்டரி இருக்கும் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்துங்க. விளக்கு வெளிச்சம், கடை கேமரா உள்ள இடம் நல்லது. ராத்திரி முழுக் கவர் போட்டால் எந்த மாடல், எந்தப் பாகம் என்பது சட்டென்று தெரியாது. தைப்பூசம், சித்திரைத் திருவிழா கூட்டத்தில் ஆளில்லாத ஓரத்தில் விட்டுப் போவதை விட, காசு கொடுத்து ஸ்டாண்டில் விடுவதே மேல்.

உள்பக்கம் எழுதி வைங்க

இன்ஜின், சேசிஸ் இரண்டுக்கும் எண் உண்டு. பேனலுக்கு எந்த எண்ணும் கிடையாது. திருடு போன பேனல் கிடைத்தாலும் "இது என்னுடையதுதான்" என்று நிரூபிக்க முடியாமல் போவது இதனால்தான்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கு. பேனலைக் கழற்றி, உள்பக்கம் உங்கள் வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை பெயின்ட் மார்க்கரால் எழுதுங்க. அல்லது கூர்மையான ஊசியால் மேலோட்டமாகக் கீறி வைங்க. முனைக்குப் பக்கத்தில் ஆழமாகக் கீறினால் அங்கே உடையும். எழுதியதை ஒரு போட்டோ, வண்டியின் நாலு பக்கமும் நாலு போட்டோ எடுத்து போனில் வைங்க.

ஆர்சி, இன்சூரன்ஸ் ஒரிஜினல்களைப் பேனலுக்குள் வைக்காதீங்க. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலியில் உள்ள டிஜிட்டல் ஆவணமே சோதனையில் செல்லும்.

உடைந்தால் ஒட்டலாமா? பழசு வாங்கலாமா?

முனை மட்டும் உடைந்திருந்தால் பேனலையே மாத்த வேண்டியதில்லை. உள்பக்கம் ஏபிஎஸ் அல்லது பிபி என்று ஆங்கில எழுத்தில் அச்சு இருக்கிறதா பாருங்க. ஏபிஎஸ் என்றால் ஒட்டும் பசை நன்றாகப் பிடிக்கும். பிபி என்றால் சாதாரணப் பசை பிடிக்காது, சூடு வைத்து உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி.

பழைய பாகம் வாங்குவதில் தப்பில்லை. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் சந்தைகள் பல ஆண்டாக நடக்கின்றன. ஆனால் யார் விற்கிறார் என்று தெரியணும், பில் அல்லது கையெழுத்துச் சீட்டாவது வாங்கணும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பிஎன்எஸ் பிரிவு 317-ன்படி வாங்கியவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பாதி விலைக்கு, பில் இல்லாமல், இருட்டில் கைமாறும் பேனல் வேண்டாம். திருட்டுக்குக் காசு வருவதே அந்த வழியாகத்தான்.

சமூக வலைதளத்தில் "ஒரிஜினல் பேனல் இருக்கு, முன்பணம் அனுப்புங்க" என்று வரும் விளம்பரங்களிலும் உஷாராக இருங்க. பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

இரண்டு பாகத்தை மட்டும் தள்ளிப் போடாதீங்க

சாரி கார்டு: மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி, பின் சீட் உள்ள பைக்கில் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்கணும். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் அது. சேலை நெய்கிற ஊரில் சேலை கட்டிக்கொண்டு பைக்கில் போகிறவர்கள் எத்தனை பேர்! சாரி கார்டு கழன்றுவிட்டால், புதுசு மாட்டும் வரை பின்னால் யாரையும் ஏற்றாதீங்க.

நம்பர் பிளேட்: 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கும். கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத ஸ்னாப் லாக்கில் அது பொருத்தப்பட்டிருக்கும். அது காணாமல் போனால் விலையைப் பார்க்காதீங்க, அன்றைக்கே புகார் கொடுங்க. உங்கள் எண்ணை வேறு வண்டியில் மாட்டி யாராவது குற்றம் செய்தால், போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். மாற்றுப் பிளேட் வாங்கவும் அந்தப் புகார் ரசீது தேவைப்படும்.

சுருக்கமாக

• பேனல் காணோம் என்றால் முதலில் ரப்பர் புஷ், ஸ்க்ரூ, பூட்டைப் பாருங்க. விழுந்திருக்கலாம் என்றால் வந்த வழியில் தேடுங்க.

• 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் எஃப்ஐஆர் வராது, சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைங்க. அதற்கு மேலே, அல்லது வீட்டுக்குள் திருட்டு என்றால் எஃப்ஐஆர் கேளுங்க.

• ஐந்து வருஷ மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸில் உங்கள் வண்டித் திருட்டு வராது.

• ரப்பர் புஷ், சரியான போல்ட், அகல வாஷர், உள்பக்கம் ஒரு கேபிள் டை, உள்பக்கம் வண்டி எண். இந்த ஐந்துக்கும் சேர்த்து ஆகும் செலவு, பல வண்டிகளில் ஒரு பேனல் விலையைவிடக் குறைவுதான்.

• அடுத்த தடவை சர்வீஸ் விட்டு வண்டி எடுக்கும்போது, நாலு மூலையையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.